கராஜ் ராசாவின் காப்புறுதி

அன்புள்ள மகனே,

அஜின்கோர்ட் வட்டாரத்தில் வசிக்கும் சகலருக்கும், குறிப்பாக இந்த வீட்டு பிரிட்ஜைத் திறக்க வரும் பொதுமக்களுக்கும், மிகுந்த மனப்பாரத்துடன் அறியத் தருவது என்னவென்றால், எமது தொலைக்காட்சி ரிமோட்டின் இரு பற்றரிகளும் நேற்று மாலை காலமாகிவிட்டன. நீண்ட காலமாக முதுகில் தட்டித் தட்டியே வேலை வாங்கப்பட்ட அவை, அம்மாவின் நாடகத்தில் மாமியார் கன்னத்தில் அறையக் கை ஓங்கிய அதே கணத்தில் கண்ணை மூடின. அம்மா அந்த இடத்தில் படத்தை நிறுத்தியிருந்ததால், மாமியாரின் கை ஓங்கியபடியே இருந்தது. வீட்டில் ஒருவரும் அசையவில்லை. அந்த நெருக்கடியில் எழுந்து, கடைக்கு நடந்து போய், புதிய பற்றரிகள் வாங்கி வந்து, கூட்டலும் கழித்தலும் சரிபார்த்துப் பொருத்தியவன் நான். இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்த ஒருவன் இனியும் இந்த வீட்டில் வெறும் பிள்ளையாக இருப்பது முறையல்ல. ஆகவே தகப்பன் பதவிக்கு என்னை நானே நியமித்துக்கொண்டேன். பதவிக்காலம் இந்தக் கடிதம் முடியும் வரை. அதுவரைக்கும் நீ என் மகன். நான் உன்னை நீ என்றுதான் சொல்வேன். கோபிக்காதே, மேசையைத் தட்டாதே, நேராக உட்கார்.

இது ஒரு திறந்த கடிதம். பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்படுவதால், திறக்கிறவர்கள் எல்லாரும் வாசிக்கலாம், வாசித்துவிட்டு மூடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போகிறேன். வழக்கத்தில் போகிறவனுக்குத்தான் இருக்கிறவர்கள் புத்திமதி சொல்வார்கள். நீயும் முயன்றாய், அதை மறுக்கவில்லை. ஒரு கிழமையாக என் அறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினாய். "தம்பி, அங்கை குளிர் கூட" என்றாய். பிறகு போய்விட்டாய். மறுநாளும் வந்து அதே குளிரைச் சொன்னாய். உன் புத்திமதிக் களஞ்சியம் அவ்வளவுதான் என்று தெரிந்த பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன். வீட்டை விட்டுப் போகிறவன் நானாக இருக்கலாம். ஆனால் வேலையை விட்டு வந்து, கதிரையில் உட்கார்ந்து, இனி என்ன என்று சுவரைப் பார்க்கிறவன் நீ. புத்திமதி உனக்குத்தான் அவசரம்.

நீ கேட்பாய், எனக்கு நடந்ததையே எனக்கு ஏன் சொல்கிறாய் என்று. பள்ளிக்கூட முற்றத்தில் பனி உறைந்த இரும்புக் கம்பியை நான் நக்கி, நாக்கு ஒட்டிக்கொண்ட கதையை ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் என்னையே முன்னால் இருத்தி நீ சொல்வதில்லையா? அது என் நாக்கு. நான் அங்கே இருந்தேன். ஆனாலும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? இன்று உன் முறை.

ஜூன் மாத முடிவில் நீ ஓய்வு பெற்றாய். மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்கிற அந்தப் பெரிய சமையற்கூடத்தில், நான் பிறப்பதற்கு முன்னிருந்தே நீ சோறும் கோழியும் தட்டில் அடுக்கி அனுப்பியிருக்கிறாய். உன் கையால் போன சாப்பாடு உலகத்தின் எல்லா மேகங்களுக்கு மேலாலும் பறந்திருக்கிறது. நீயோ அந்த மேகங்களுக்குக் கீழே, நெடுஞ்சாலை நெரிசலில், இடது பக்க லேனுக்கு மாற வழி விடாதவர்களைத் திட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். சின்ன வயதில் வானத்தில் விமானம் போனால், அதற்குள் இருக்கிற ஆட்கள் எல்லாரும் எங்கள் வீட்டு ஆட்கள், அப்பா அனுப்பிய சோற்றைச் சாப்பிடுகிறவர்கள் என்று நினைத்துக் கை காட்டுவேன். கடைசி நாள் உன் கூட்டாளிகள் கேக் வெட்டி, சில்லுப் பூட்டிய ஒரு பயணப்பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். வேலையிலிருந்து அனுப்பப்படுகிறவனுக்குப் பெட்டி கொடுப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஓர் உறை. உன் வேலைக் காப்புறுதி அந்த மாதத்தோடு முடிகிறது என்று அதில் இருந்தது.

நீ அதை மடித்து, மேசை லாச்சிக்குள், உணவகங்களின் பழைய விளம்பரத் தாள்களுக்குக் கீழே வைத்தாய். "ஓஹிப் இருக்குத்தானே" என்றாய். அன்று நான் எடுத்த வகுப்பு உனக்கு நினைவிருக்கும். ஓஹிப் என்கிற அரசாங்கச் சுகாதார அட்டை வைத்தியரையும் ஆஸ்பத்திரியையும் பார்த்துக்கொள்ளும். நீ அறுபத்தைந்து வயது தாண்டியதால் மருந்துகளில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கும். ஆனால் பல்லை, கண்ணாடியை, காது கேட்கும் கருவியை, பிடித்துவிடுகிற பிசியோவை, ஊருக்குப் போன இடத்தில் விழுந்தால் வருகிற செலவை ஒருவரும் முழுதாகப் பார்க்க மாட்டார்கள். "வயதுபோனா முதல்லை பழுதாகிறது எல்லாம் வெளியிலையும், அரசாங்கம் பாக்கிறது எல்லாம் உள்ளையுமா இருக்கு" என்று நீ சொன்னாய். மகனே, உன் வாழ்நாளில் நீ சொன்ன ஒரே அரசியல் கருத்து அது. நான் பெருமைப்பட்டேன்.

உன் முன்னால் இரண்டு கதவுகள் இருந்தன. முதலாவது, பழைய வேலைக் காப்புறுதியை உன் சொந்தப் பெயரில் தொடர்வது. வேலை முடிந்து இரண்டு மாதத்துக்குள் கேட்டால், உன் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அது கயிறு கட்டிய கன்று. அவர்களுடைய பட்டியலில் உள்ள மருந்துக்கடை, அவர்களுடைய பட்டியலில் உள்ள பல் வைத்தியர். பெரிய சிகிச்சை என்றால் முதலில் தொலைபேசி எடுத்து அனுமதி கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை அவர்களுடைய தாதி அழைத்து, நடந்தாயா, உப்பைக் குறைத்தாயா என்று விசாரிப்பார். இரண்டாவது, வெளியே ஒரு மேலதிகக் காப்புறுதி வாங்குவது. ஓஹிப் விட்ட இடைவெளியை அது நிரப்பும். எந்த வைத்தியரிடமும் போகலாம், ஊர்ப் பயணத்துக்கும் காப்பு உண்டு, மாதக் கட்டணமும் குறைவு. ஆனால் உள்ளே விட முதல் உன் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். பொய் சொன்னால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. நாளைக்கு நீ படுத்த பிறகு, பழைய வைத்திய அறிக்கைகளைத் தேடி எடுத்து, போய்விட்டு வா என்பார்கள். அதற்குள் முதல் கதவின் இரண்டு மாதம் முடிந்திருக்கும். இரண்டு கதவும் இல்லாத வீட்டில் நீ நிற்பாய்.

இந்த இடத்தில் ஒரு தகப்பனுக்குரிய கம்பீரத்தோடு என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நானே இரண்டாவது கதவைத்தான் காட்டினேன். அந்த விளம்பரத்தில் வெள்ளைத் தலைமுடியோடு ஒரு சோடி கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தது. நீயும் அம்மாவும் அப்படிச் செருப்பைக் கையில் பிடித்து நான் பார்த்ததே இல்லை. என்னை அடிக்க எடுத்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. படத்தைப் பார்த்து மயங்கி, நான்தான் மரியான் அங்கிளை வீட்டுக்கு வரச் சொன்னேன். அங்கிள் கழுத்துப்பட்டி கட்டினால் காப்புறுதி முகவர். அவிழ்த்தால் எங்கள் தேவாலயப் பங்கின் அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். வருகிற ஒக்டோபரில் கோயில் மண்டபத்தில் போடப்போகிற கூத்தில் ராசா வேடம் உனக்குத் தந்தவர் அவர்தான். கழுத்துப்பட்டிக்கும் கூத்துக்கும் நடுவில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வீட்டைக் காப்பாற்ற ஆள் கூப்பிட்டு, ராசாவின் சபைக்கே ஆளைக் கூட்டி வந்துவிட்டேன்.

அந்த ராசா வேடத்தை நீ எவ்வளவு காலம் ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். வேலை நேரம் மாறி மாறி வந்ததால், இத்தனை வருடமும் காவற்காரன், தூதுவன், ஒருமுறை பின்பாட்டு. ஓய்வு கிடைத்ததும் முடி கிடைத்தது. அப்போதிருந்து பின்னேரங்களில் நீ கராஜ் கதவைத் திறந்து வைத்து, குளிர்கால டயர்களுக்கும் பெரிய பிரீசருக்கும் முன்னால், ட்ரைவ்வேயில் ஆடினாய். நான் மேலே யன்னலில் இருந்து பார்ப்பேன். கோடை வெளிச்சம் மெல்ல மெல்ல நீலமாகும். பக்கத்து வீடுகளின் கூரைகள் கரைந்து போகும். எங்கிருந்தோ ஒரு பார்பிக்யூ வாசம் வரும். நீ ராசா சபைக்கு வருகிற வரவுப் பாட்டைப் பாடிக்கொண்டு, காலைத் தட்டி, வட்டம் எடுத்துச் சுழலும்போது, உன் பழைய காற்சட்டை அரச உடுப்பாகிவிடும். பிரீசருக்குள் கிடக்கிற அறக்குளா மீன்கள் எல்லாம் மந்திரிமார்போல மூச்சடக்கி இருப்பதாக எனக்குத் தோன்றும். தூரத்தில் நெடுஞ்சாலை ஒரு கடல்போல இரைந்துகொண்டே இருக்கும். பாதி நித்திரையில் பார்க்கிறேனா, முழு விழிப்பில் பார்க்கிறேனா என்று தெரியாத பொழுதுகள் அவை. அந்த யன்னலை விட்டு எழும்ப எனக்கு மனம் வராது.

குப்பை கிளறுகிற ரக்கூன்களுக்குப் பயந்து நீ கராஜுக்கு மேலே பூட்டிய விளக்கு இருக்கிறதல்லவா, ஆள் அசைந்தால் எரிந்து, அசையாமல் நின்றால் அணைகிற விளக்கு? அதுதான் உன்னைக் காட்டிக் கொடுத்தது. ஆரம்பத்தில் நீ ஆடி முடிக்கும் வரை அது அணையவே இல்லை. ஜூலை வந்தபோது பாட்டின் நடுவில் ஒருமுறை அணைந்தது. பிறகு அடிக்கடி. மங்கல் இருட்டில் நீ பிரீசரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பது எனக்கு மெல்லத் தெரியும். நாட்கள் போகப் போக இருட்டு நீண்டுகொண்டே போனது. ஒருநாள் நான் கீழே இறங்கி வந்தேன்.

"அப்பா, களைக்குதோ?"

"களைக்கேல்லை. ராசா யோசிக்கிறார்."

"ராசா கன நேரமா யோசிக்கிறார்."

"பெரிய நாடெல்லோ. யோசிக்கத்தானே வேணும்."

"குளிசை போட்டனீங்களோ?"

"உதை வெளியிலை நிண்டு கத்தாதை. பக்கத்து வீடு எங்கடை ஆக்கள்."

அந்தக் குளிசைக் கதை வீட்டுக்குள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். வசந்த காலத்தில் நீ படியேறும்போது நெஞ்சைப் பிடித்தாய். அம்மா உன்னைக் குடும்ப வைத்தியரிடம் இழுத்துப் போனா. அவர் இருதய வைத்தியரிடம் அனுப்பினார். நடக்கிற இயந்திரத்தில் உன்னை நடக்கவிட்டு, ஒரு குழாய் ஒடுங்கியிருக்கிறது, இப்போதைக்குக் குளிசை மருந்து போதும், மூச்சு முட்ட ஒன்றும் செய்யக் கூடாது என்றார்கள். நீ வெளியே வந்ததும் சொன்ன முதல் வசனம், "மரியானுக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது." பங்கிலே ஒருவர் தும்மினால், ஞாயிறு பூசைக்குப் பிறகு கோப்பி மேசையில் அது நிமோனியாவாக மாறியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உனக்குப் பயம் ஊர்வாய் இல்லை. நெஞ்சில் கோளாறு என்று அண்ணாவியாருக்குத் தெரிந்தால், ராசாவின் முடி வேறு தலைக்குப் போய்விடும்.

மகனே, ஆனபடியால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இந்த வீட்டு வரவேற்பறையில் நடந்தது காப்புறுதி விண்ணப்பம் அல்ல, கூத்து. அங்கிள் நீலக் கழுத்துப்பட்டியோடு வந்து, மடியில் டாப்லெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன், ஆங்கிலத்தில் ஏதும் சிக்கல் வந்தால் அவிழ்ப்பதற்கு. குசினியில் உன் மனைவி, அதாவது முறைப்படி என் மருமகள், பாரிசில் இருக்கிற பெரியம்மாவோடு போனில் கதைத்துக்கொண்டே ரோல்ஸ் பொரித்தா. அவவை மட்டும் நான் இந்தக் கடிதத்திலும் அம்மா என்றுதான் சொல்கிறேன். ரோல்ஸ் பொரிக்கிறவர்களோடு பதவி விளையாட்டு வைத்துக்கொள்ளக் கூடாது.

"சிகரெட்?" என்றார் அங்கிள்.

"இல்லை."

"குடி?"

"கலியாண வீட்டிலை மட்டும்."

"இந்த ஊரிலை கிழமைக்கு ரெண்டு கலியாணம் நடக்குது, அண்ணை."

"எல்லாத்துக்கும் எனக்குச் சொல்லுறேல்லையே!"

"சலரோகம், சீனி வருத்தம்?"

"இல்லை." அது உண்மை.

"பிரஷர்?"

"இல்லை." அது பொய். குசினியில் ஒரு மூடி டங் என்று விழுந்தது.

"கொலஸ்ட்ரோல்?"

"என்னெண்டே தெரியாது." குசினியில் இரண்டு மூடிகள். "இல்லையடி அக்கா, இஞ்சை ஒரு கூத்து நடக்குது" என்று அம்மா பெரியம்மாவுக்குச் சொல்வது கேட்டது.

அதன்பிறகு அங்கிள் திரையைத் தள்ளி, கண்ணாடியை ஏற்றி, அந்தக் கேள்வியை வாசித்தார். "நெஞ்சு நோ, மூச்சு வாங்கிறது, இருதய வைத்தியரிட்டைப் போனது. கடைசி ரெண்டு வருசத்துக்குள்ளை இதிலை ஏதும்?" கதிரையில் முதுகை நிமிர்த்தினாய். இரண்டு கையையும் கைபிடியில் வைத்தாய். வரவுப் பாட்டு முடிந்து சிங்காசனத்தில் ஏறியிருக்கிற அதே இருப்பு. ராசாவிடம் வந்து மூச்சு வாங்குதோ என்று கேட்கிறவன் யார் என்கிற பார்வை.

உன் தகப்பனாகிய நான் என்ன செய்தேன் என்பதைச் சரித்திரம் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அந்த நெருக்கடியான நேரத்தில் இந்த வீட்டின் இணையம் அறுந்தது. அறுத்தவன் நான். கீழே போய், வைஃபை பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். திரை உறையும், விண்ணப்பம் நிற்கும், ஒரு பொய் வாய்க்குள்ளேயே இருந்துவிடும் என்பது என் கணக்கு. கொஞ்ச நேரம் கழித்து நான் மேலே வந்தபோது எல்லாம் மாறியிருந்தது. நீ உண்மையைச் சொல்லிவிட்டிருந்தாய். அங்கிள் டாப்லெட்டை மூடி வைத்துவிட்டு, கழுத்துப்பட்டியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். இனி அவர் அண்ணாவியார்.

"உனக்கு விசரே?" என்றார் உன்னைப் பார்த்து. அண்ணை போய் நீ வந்திருந்தது. "இல்லை எண்டு நான் போட்டுவிட்டிருந்தா, வருசக்கணக்கா நீ கட்டுவாய். ஒருநாள் ஆம்புலன்ஸிலை ஏறின பிறகு, உது பழைய வருத்தம், தரேலாது எண்டு கையை விரிப்பாங்கள். பிறகு நான் எந்த மூஞ்சையோடை இந்தப் படி ஏறுறது? இது உனக்குச் சரிவராது. உன்ரை வேலைக் காப்புறுதியை எடு. கேள்வி கேக்காமல் தாறவனை விட்டிட்டு என்னை ஏன் கூப்பிட்டனி? அந்த ரெண்டு மாதம் எப்ப முடியுது?"

"இந்த மாதத்தோடை."

"அப்ப திங்கட்கிழமையே போன் அடி."

"ராசா?" என்று நீ கேட்டாய். அவ்வளவு சின்னக் குரலில் ஒரு ராசா தன்னைப் பற்றி விசாரித்து நான் கேட்டதில்லை.

"உதுக்கே பயந்தனி?" அண்ணாவியார் ஒரு ரோல்ஸை எடுத்தார். "எங்கடை கூத்திலை எப்ப ஒரு ராசா இருந்தவர்? விடிய விடிய ஆடேக்கை மூண்டு ராசா மாறுவினம். இஞ்சை மண்டபக்காரன் மூண்டு மணித்தியாலம்தான் தாறான் எண்டு நான் ஒருத்தரோடை சுருக்கினனான். வரவையும் போரையும் வேறை ஒரு பொடியன் ஆடட்டும். சபையிலை இருந்து பாடுற ராசா நீ. பின்பாதி முழுக்கப் பாட்டு. நெஞ்சுக்குச் சரியோ எண்டு உன்ரை டொக்டரைக் கேள். அவர் ஓம் எண்டா நானும் ஓம்."

மகனே, அந்தத் திங்கட்கிழமை உன் பக்கத்தில் இருந்து போன் அடித்து, ஓம் ஓம் என்று சொல்லச் சொல்லி, உன்னை முதற் கதவுக்குள்ளே தள்ளிவிட்டேன். இப்போது நீ முகாமை செய்யப்படுகிற, அதாவது மற்றவர்கள் கட்டி மேய்க்கிற மனிதன். இது இலேசான வாழ்க்கை அல்ல என்பது எனக்குத் தெரியும். உன் பற்களை இத்தனை வருடமும் பார்த்த அஜின்கோர்ட் பல் வைத்தியர், ஊசி போடும்போது உன்னோடு ஊர்க் கதை பறைகிறவர், அவர்களுடைய பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கிறவர் நகரத்துக்குக் கிழக்கே தூரத்தில், விட்பியில் இருக்கிறார். நேற்று மத்தியானம் சோபாவில் கண் அயர்ந்தபோது ஒரு கனவு வந்தது. நீ முழு அரச உடுப்போடு விட்பிக்கு ரயிலில் போகிறாய். முடியைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாய், அதன் கண்ணாடிக் கற்களில் ஏரி வெளிச்சம் பட்டு, பெட்டி முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஓடுகிறது. வேலை முடிந்து வருகிறவர்கள் உன் தோளில் சாய்ந்து நித்திரை கொள்கிறார்கள். ஒருவரும் உன்னை வினோதமாகப் பார்க்கவில்லை. ரயில் எந்த நிலையத்திலும் நிற்காமல் ஏரியின் ஓரமாகவே போய்க்கொண்டிருக்கிறது. தாதி அழைக்கிறா. நீ போனை எடுத்து, "ஓம் பிள்ளை, நடந்தனான். நாடு முழுக்க நடந்தனான்" என்று சொல்கிறாய். நான் எழும்பியபோது நெஞ்சுக்குள் ஒருவித சுகமாக இருந்தது.

ஆகவே, தகப்பன் சொல்வதைக் கேள். தாதி அழைத்தால் எடு. ஏதோ விற்கிறவர்கள் என்று வெட்டாதே. உப்பைப் பற்றிக் கேட்டால் கருவாட்டையும் சேர்த்துச் சொல். கருவாடு மீன்தானே என்று வாதாடாதே. அனுமதி கேட்கச் சொன்னால் கேள். அனுமதி கேட்பது ராசாவுக்கு இழுக்கு என்று நினைக்காதே, மண்டபத்துக்கே கேட்டுத்தான் கூத்துப் போடுகிறோம். ஊருக்குப் போக ஆசை வந்தால், புதுப் பெட்டியை இறக்குவதற்கு முதல், இந்தத் திட்டம் பயணத்துக்கு எவ்வளவு தூரம் வரும் என்று விசாரி. மலிவாக இருந்ததை விட்டுவிட்டோமே என்று இரவில் புரளாதே. மலிவானது வேறொருவனுக்காகச் செய்தது. நெஞ்சில் குழாய் ஒடுங்காத, கடற்கரையில் செருப்புத் தூக்குகிற ஒருவனுக்கு. உன்னை உள்ளபடியே எடுத்துக்கொள்கிற கதவுக்குள் நீ போயிருக்கிறாய். தலையைக் குனிந்து போக வேண்டிய கதவுதான். பரவாயில்லை. முடி பின்பாதியில்தானே வருகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஒரு பெரிய தகப்பனாக மார்பை நிமிர்த்திக்கொண்டு, கீழே கையொப்பம் வைக்கப் போனேன். பேனா நகரவில்லை.

அப்பா, மேலே ஒரு இடத்தில் நான் முன்பின்னாக மாற்றி எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரியும். நீங்கள் வாசித்துக்கொண்டு வரும்போதே அந்த இடத்தில் பிரிட்ஜ் கதவைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். நீங்கள் ராசாவாக நிமிர்ந்து இருந்தபோது, அங்கிள் பகிடியாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. ராசாவுக்கு மூச்சு வாங்கிறதோ?"

நான் சொன்னேன், "இல்லை அங்கிள். அப்பா நல்லா இருக்கிறார்."

தடுமாறவே இல்லை. விளையாட்டுக்கு நான் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு மரியாதையாக வந்ததில்லை. இருட்டில் பிரீசரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நின்றதை யன்னலில் இருந்து பார்த்தவன் நான்தான். இரண்டு கதவைப் பற்றியும் உங்களுக்கு வகுப்பெடுத்தவனும் நான்தான். ஆனால் உங்களை முடியோடு பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஒக்டோபரில் வருவதற்கு பஸ் டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தேன். அதோடு, ஓம் என்று என் வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் போலவும், பிறகு வீட்டை விட்டு நான் எப்படிப் போவது என்றும் இருந்தது.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கோபமில்லை. என் முழங்காலில் கையை வைத்து ஒருமுறை அழுத்தினீர்கள். "அவன் சின்னப்பிள்ளை, மரியான். எனக்காண்டிச் சொல்லுறான். ஓம் எண்டு போடு. எல்லாத்துக்கும் ஓம்."

அதற்குப் பிறகுதான் நான் எழுந்து கீழே ஓடினேன். உங்களைக் காப்பாற்ற இல்லை. அழுகை வந்துவிட்டது. படியில் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டதும், ஏதோ திருத்துகிற மாதிரி இருக்கட்டும் என்று கையில் அகப்பட்ட வயரைப் பிடுங்கினேன். வைஃபை வயர் அது. அப்போது மேலே எல்லா உண்மையும் சொல்லி முடிந்திருந்தது. என் வீரச் செயலால் உலகத்தில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். பாரிசில் பெரியம்மா ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வைஃபையில் ஓடிய அந்தப் போன் கோல் அறுந்து போனது. அம்மா வேண்டுமென்றே வெட்டிவிட்டா என்று நினைத்து அவ இன்னும் கோபமாக இருக்கிறாவாம். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நீங்களே அவவுக்கு ஒரு கோல் எடுத்து, நடந்ததைச் சொல்லிவிடுங்கோ, அப்பா. எனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு.